சந்தியோகுவுக்காகப் பதின்மூன்று செவ்வாய்

றஜீனா பொய்காரி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. கதை போகிற போக்கைப் பார்த்து நீங்கள் அவளை ஒரு கைகாரி என்று நினைத்துவிட்டால் அது என் குற்றமாகிவிடும். ஐம்பத்து நான்கு வயதுக்குள் அவள் வாய் திறந்து சொன்ன பொய்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். பொய் சொல்வதற்கும் பேச ஓர் ஆள் வேண்டுமே!

மன்னாரில் பிறந்து, ஹொலண்டில் இருபத்தைந்து வருடம் நோயாளித் தாயைப் பார்த்து, தாயை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு, "லண்டனுக்கு வா, எங்கட சனம் இருக்கு" என்று ஒன்றுவிட்ட தங்கச்சி கூப்பிட்டதை நம்பி மோர்டனுக்கு வந்தவள். வந்த அடுத்த வருடமே தங்கச்சி குடும்பம் கனடாவுக்குப் போய்விட்டது. சனம் இருந்தது என்பது உண்மைதான். ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு இருநூறு பேர் வருவார்கள். கடைசிக்கு முதல் வரிசை வாங்கில் அவள் இருப்பாள். பூசை முடிந்தால் "சுகமோ?" என்பார்கள். "ஓம், சுகம்" என்பாள். அதற்குள் அவர்கள் கார்த் திறப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஆறு வருடத்தில் அவள் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் பார்சல்காரரும் மீற்றர் பார்க்க வந்தவரும்தான்.

அவளுக்கு வேலை மிச்சம் என்கிற பக்கத்து ஊரில், ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில். பிள்ளைகள் சாப்பிட்ட மேசைகளைத் துடைக்கிறபோதுதான் அந்தக் கூட்டை முதன்முதலாகப் பார்த்தாள். மார்ச் மாதக் கடைசி, எங்கள் கணக்கில் பங்குனி. சாப்பாட்டு மண்டபத்துப் பெரிய திரையில் யாரோ ஓர் ஆசிரியை அதைப் போட்டு விட்டிருந்தார். வேல்ஸில் ஓர் ஏரிக்கரை, மொட்டை மரத்தின் உச்சியில் சுள்ளியால் கட்டின பெரிய கூடு, அதற்கு மேலே யாரோ பொருத்திவைத்த கமெரா. கூட்டில் ஒரு பருந்து தனியே நின்றது. வெள்ளை நெஞ்சும், கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டையும். ஒஸ்பிறே என்று பிள்ளைகள் கத்தினார்கள். தமிழில் விராலடிப்பான் என்று ஒரு பெயர் இருப்பதை அவள் பிறகு தேடி அறிந்தாள். மீனைத் தவிர வேறொன்றையும் தொடாத பிறவி.

அது பெண். ஆபிரிக்காவிலிருந்து தனியே பறந்து வந்திருந்தது. சோடி வேறெங்கோ குளிர்காலத்தைக் கழித்துவிட்டு அதுவும் தனியே வரவேண்டும். ஆறேழு மாதம் ஒன்றை ஒன்று பார்க்காமல் இருந்துவிட்டு, பங்குனி பிறந்ததும் இரண்டும் இதே மரத்துக்கு வருமாம். பெண் நான்கு நாள் காத்து நின்றது. மழையில் நனைந்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அதைக் கண்டு றஜீனாவுக்கு நெஞ்சு கரைந்தது. ஐந்தாம் நாள் மத்தியானம் ஆண் வந்து இறங்கியது, காலில் ஒரு மீனோடு. மண்டபத்தில் பிள்ளைகள் கைதட்டினார்கள். றஜீனா துடைத்த மேசையையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டு நின்றாள். மேற்பார்வைக்காரி வந்து தோளில் தட்டவேண்டியிருந்தது.

அன்று மாலையே போனில் அந்தக் கமெராவைக் கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு வீட்டில் அவள் தனியே சாப்பிடவில்லை. சீனிப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்து, சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்தால், எதிரே ஒரு குடும்பம் இருக்கும். ஆண் பறவையின் காலில் நீல வளையம், வளையத்தில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும். வெள்ளைக்காரர் அந்த எண்ணைச் சொல்லித்தான் அதைக் கூப்பிட்டார்கள். குடும்பக்காரனை எண் சொல்லிக் கூப்பிடுவது என்ன மரியாதை? மீன்பிடிகாரன், உழைப்பாளி, சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வருகிறவன். அவள் அதற்கு, மீன்பிடிகாரரான அப்போஸ்தலரின் பெயரை, சந்தியோகு என்று வைத்தாள்.

சித்திரையில் மூன்று முட்டை. சந்தியோகு காலையில் ஒரு மீன் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பெண் தின்று முடிக்கும் வரைக்கும் தானே முட்டையில் இருப்பான். வைகாசி நடுவில் மூன்றும் பொரித்தன. றஜீனா பள்ளிக்கூடச் சமையலறையில் எல்லோருக்கும் ரொபி இனிப்புக் கொடுத்தாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "சும்மா, ஒரு சந்தோசம்" என்றாள்.

வைகாசி இருபத்தேழாம் தேதி சந்தியோகு காணாமல் போனான்.

பள்ளிக்கூட விடுமுறை வாரம் அது. காலை ஆறு மணிக்கு ஒரு மீன் கொண்டுவந்தவன் பிறகு வரவில்லை. மத்தியானம் வரவில்லை. மாலை வரவில்லை. குஞ்சுகளை மூடிக்கொண்டிருந்த தாய் கழுத்தை நீட்டி நீட்டிக் கூப்பிட்டது. அடுத்த நாளும் கூப்பிட்டது. றஜீனா குளிக்கவில்லை, வெளியே போகவில்லை. கமெராப் படத்துக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள், பெரிய வல்லூறு ஏதும் அடித்திருக்கும், இனி வரமாட்டான் என்று எழுதினார்கள். அவர்களுக்கு என்ன, எழுதிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். மூன்றாம் நாள் அவள் கோயிலுக்குப் போய், பூசை ஒப்புக்கொடுக்கிற தாளொன்றை எடுத்து எழுதினாள். கருத்து, அதாவது என்ன வேண்டுதல், என்ற இடத்தில்: காணாமல் போன சந்தியோகு திரும்பி வர. ஒப்புக்கொடுப்பவர் என்ற இடத்தில்: றஜீனா. பறவைக்குப் பூசை ஒப்புக்கொடுக்கலாமோ என்று ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. ஆண்டவருக்குத் தெரியாத சந்தியோகுவா என்று நினைத்து தாளை உறையிலிட்டுப் பெட்டியில் போட்டாள்.

ஞாயிறு ஃபாதர் வழக்கம்போலக் கருத்துகளை வாசித்துக்கொண்டு வந்தார். இன்னாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, இன்னாரின் சோதனைச் சித்திக்காக. பிறகு, "காணாமல் போன சந்தியோகு திரும்பி வர, றஜீனா ஒப்புக்கொடுப்பது." கோயிலில் இருமிக்கொண்டிருந்த ஆள்கூட இருமலை நிறுத்தியதை அவள் கேட்டாள். முன் வாங்குகளிலிருந்து தலைகள் மெல்லத் திரும்பின.

அப்போதுதான் அவளுக்குத் தான் எழுதிய சொல் எப்படிப்பட்ட சொல் என்று உறைத்தது.

எங்கள் சனத்துக்கு ஆயிரம் கேள்வி கேட்கத் தெரியும். சம்பளம் எவ்வளவு, வீடு சொந்தமோ, ஏன் கலியாணம் கட்டவில்லை, மெலிந்து போனீர் சீனி வருத்தமோ, எல்லாம் கேட்பார்கள். ஆனால் சண்டைக் காலத்தில் காணாமல் போனவரைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. எங்கே, எப்போது, யார் கொண்டுபோனது, கேட்க மாட்டார்கள். கேட்காமல் இருப்பதுதான் மரியாதை. அந்த மரியாதைதான் றஜீனாவை மாட்டிவைத்தது. பூசை முடிந்ததும் இம்மாகுலேற் அக்கா நேரே கடைசிக்கு முதல் வாங்குக்கு வந்தார். செபக் கூட்டத்தின் தலைவி, அறுபத்தெட்டு வயது, கோயில் பங்கில் அவர் வைத்ததுதான் சட்டம். றஜீனாவின் இரண்டு கையையும் பிடித்தார்.

"இவ்வளவு காலமும் உதை நெஞ்சுக்குள்ளை வைச்சுக்கொண்டோ பிள்ளை எங்களோடை இருந்தனீர்?"

"அக்கா, அது வந்து..."

"ஒண்டும் சொல்ல வேண்டாம். ஒண்டும் சொல்லாதையும்." இம்மாகுலேற் அக்காவின் கண் நிறைந்திருந்தது. "துலைஞ்சதைக் கண்டுபிடிச்சுத் தாற அந்தோனியாருக்குப் பதின்மூண்டு செவ்வாய் செபம் செய்வம். உம்மடை வீட்டிலை. வாற செவ்வாய் துவக்கம்."

இந்த இடத்தில் அவள் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கைகள் சூடாக இருந்தன. தாய் செத்த பிறகு யாரும் அவளுடைய கையைப் பிடித்ததில்லை. "சரி அக்கா" என்றாள்.

செவ்வாய் மாலை ஆறரைக்கு ஒன்பது பேர் வந்தார்கள். வீட்டில் இருந்தது இரண்டு கதிரை. இம்மாகுலேற் அக்காவின் கணவர் செபமாலைமுத்து அண்ணை மடக்குக் கதிரைகளைக் காரிலிருந்து தூக்கிவந்தார், கூடவே மூட்டுவலியைப் பற்றி முணுமுணுத்தார். அந்தோனியார் சுரூபத்தைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்து மெழுகுதிரி கொளுத்தினார்கள். செபமாலை, மன்றாட்டு, பாட்டு. சுவருக்கு அப்பால் இருக்கும் போலந்துக்காரன் முதல் தடவையாகத் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தான். முடிவில் இம்மாகுலேற் அக்கா குரலை உயர்த்தி, "அந்தோனியாரே, காணாமல் போன சந்தியோகுவைக் கண்டுபிடித்துத் தாரும்" என்றார். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று ஒன்பது பேரும் சொன்னார்கள். றஜீனாவும் சொன்னாள், மற்ற எவரையும் விட உண்மையாக.

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். றஜீனாவுக்கோ வாயே திறக்காமல் கட்லெட்டும் ரோல்ஸும் மீன் பணிசும் கிடைத்தன. மிச்சத்தைப் பெட்டியில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை வரைக்கும் அவள் சமைக்க வேண்டியிருக்கவில்லை.

அங்கே வேல்ஸில் தாய் தனியே பாடுபட்டது. குஞ்சுகளை விட்டுவிட்டு மீனுக்குப் போனால் காகம் வரும். போகாவிட்டால் பசி. போய்ப் போய் வந்தது. ஒருநாள் மீன் இருக்கும், ஒருநாள் வெறுங்காலோடு வரும். மீன் குறைந்தபோது பெரிய குஞ்சுகள் இரண்டும் சின்னதைக் கொத்தித் தள்ளின. சின்னது கூட்டின் ஓரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கும். மூன்றாவது செவ்வாய்க்கு முதல் நாள் அது எழும்பவேயில்லை. அன்று மழை. தாய் அந்தச் செத்த குஞ்சையும் சேர்த்துத்தான் செட்டைக்குள் மூடிக்கொண்டு இருந்தது.

மறுநாள் மாலை செபத்தின் நடுவில் றஜீனா அழுதாள். அடக்கப் பார்த்தாள், ஏலவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண் மட்டும் செபமாலையை மற்றக் கைக்கு மாற்றிவிட்டு அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணின் பெயர் பிறேமினி. றஜீனாவின் வயதுதான். ஸ்ட்ரெதமில் தமையன் வீட்டு மேலறையில் மகனோடு இருந்தாள், அலுவலகங்கள் கூட்டித் துடைக்கிற வேலை. மற்றவர்கள் போன பிறகும் அவள் போகவில்லை. கோப்பைகளைக் கழுவ நின்றுவிட்டாள்.

"என்ரை அவரும் அப்படித்தான்" என்றாள், குழாயைப் பார்த்தபடி. "லெஸ்லி. சண்டை முடிஞ்ச கிழமை, விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டு ஆமிக்காரர் பஸ்ஸிலை ஏத்தினவை. பதினாறு வருஷம்."

றஜீனாவின் கையிலிருந்த துடைக்கும் துணி அப்படியே நின்றது.

"பூசை ஒப்புக்குடுக்கிற தாளைக் கனக்கத் தரம் எடுத்திருக்கிறன். இருக்கிற ஆக்களின்ரை பக்கத்திலை எழுதுறதோ, செத்த ஆக்களின்ரை பக்கத்திலை எழுதுறதோ எண்டு தெரியாமல் கிழிச்சுப் போட்டிடுவன். அண்டைக்கு உம்மடை கருத்தை வாசிக்கேக்கைதான் விளங்கினது. திரும்பி வர. அப்படியும் எழுதலாம்தானே." பிறேமினி கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். "போன ஞாயிறு நானும் எழுதிக் குடுத்திட்டன்."

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். றஜீனாவுக்கு அப்போதுதான் மடியில் அது நகர்வது தெரிந்தது. சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று மனம் அடித்தது. பிறேமினி அதற்குள் வேறு கதைக்குப் போயிருந்தாள். லெஸ்லி பாண் ரொட்டியின் கரையை வெட்டிவிட்டுத்தான் தின்பாராம். கலியாணம் கட்டின புதிதில் அதற்காக ஒரு கிழமை கோபமாக இருந்தாளாம்.

"சந்தியோகுவுக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டாள். அதுதான் எவரும் கேட்ட முதல் கேள்வி.

"மீன்" என்றாள் றஜீனா.

"என்ன மீன்?"

"எதெண்டாலும். பிடிச்சுக்கொண்டு வாறவர்தான். ஆனால் தலையைத் தான் திண்டிட்டுத்தான் வீட்டை கொண்டு வருவார்."

பிறேமினி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். "எல்லா ஆம்பிளையளும் உப்பிடித்தான்!" என்றாள். றஜீனாவும் சிரித்தாள். சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆண் ஒஸ்பிறே தலையைத் தின்றுவிட்டுத்தான் மீனைக் கூட்டுக்குக் கொண்டுவரும். ஆனால் பொய் சொல்வதற்குப் பொய்தான் வேண்டும் என்று யார் சொன்னது? அந்தச் சிரிப்புக்காக அவள் அதைச் சொன்னாள். அது அவளுக்கே தெரியும்.

அதற்குப் பிறகு பிறேமினி செவ்வாய்தோறும் ஐந்தரைக்கே வருவாள், எல்லோரும் போன பின்தான் போவாள். 118ஆம் இலக்கப் பஸ் தரிப்பு வரைக்கும் றஜீனா கூடப் போவாள். ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ் வரும் வரைக்கும் கதைப்பார்கள். சில நாள் இரண்டு பஸ்ஸை விடுவார்கள். ஆடியில் பள்ளிக்கூடம் மூடியதும் றஜீனாவுக்குக் கிழமையில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. திங்கட்கிழமையே வீட்டைக் கூட்டுவாள். புதன்கிழமை எழும்பும்போதே அடுத்த செவ்வாய்க்கு எத்தனை நாள் என்று எண்ணுவாள். பதின்மூன்று முடிந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் எண்ணவில்லை.

மிஞ்சின இரண்டு குஞ்சுகளும் ஆடி நடுவில் பறந்தன. கூட்டின் விளிம்பில் நின்று செட்டையை அடித்து அடித்து, திடீரென்று கால் கிளம்பி, தாங்களே பயந்துபோய், எதிர்மரத்தில் முட்டிமோதி இறங்கின. தாயும் மெலிந்து நெஞ்செலும்பு தெரிய நின்றது. தனியாளாக இரண்டை வளர்த்துவிட்டது. றஜீனாவுக்கு அதைக் கும்பிட வேண்டும்போல இருந்தது. ஆவணி நடுவில் ஒருநாள் காலை அந்தத் தாய் ஒரு மீனைக் கொண்டுவந்து கூட்டில் வைத்துவிட்டு எழும்பித் தெற்கே போனது. திரும்பி வரவில்லை. அவற்றின் வழக்கமே அதுவாம். தாய் முதலில் போகும். பிள்ளைகளுக்கு வழி காட்டுவதற்கு யாரும் இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே, தானே கடலைத் தாண்டி, காணாத தேசத்துக்குப் போகவேண்டும்.

பன்னிரண்டாவது செவ்வாய் செபம் முடிந்ததும் இம்மாகுலேற் அக்கா கையைத் தட்டினார்.

"வாற கிழமை கடைசி. ஃபாதரும் வாறன் எண்டவர், ஏலுமெண்டால். அந்தோனியாருக்கு முன்னாலை படம் வைச்சுச் செபிக்கவேணும். றஜீனா, சந்தியோகுவின்ரை நல்ல படம் ஒண்டு எடுத்து வையும். பிறேமினி, நீரும் லெஸ்லியின்ரையைக் கொண்டுவாரும்."

எல்லோரும் போனார்கள். பிறேமினி கோப்பை கழுவவில்லை. மேசையடியில் இருந்துகொண்டு, கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி முறுக்கினாள்.

"பெட்டிக்குள்ளை அடியிலை வைச்சிருக்கிறன் அந்தப் படத்தை. என்ரை பெடியனுக்குக்கூடக் காட்டுறேல்லை. சுவரிலை கொழுவினால் மாலை போடச் சொல்லுவினம் எண்டு பயம். இப்ப வைக்கலாம் போலை இருக்கு. உம்மடை ஆளும் பக்கத்திலை இருப்பார்தானே."

றஜீனாவுக்கு மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. வேறொரு ஆணின் படத்தை எங்கேயாவது தேடி எடுத்து வைத்துவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தாள். நினைத்ததற்கே உடம்பு கூசியது. இந்த ஒருத்திக்குமா? ஆறு வருடத்தில் கிடைத்த ஒரே ஒருத்திக்குமா? போனை எடுத்து, கூட்டைத் திறந்து, மேசையில் பிறேமினிக்கு முன்னால் வைத்தாள். கூட்டில் ஒரு குஞ்சு மட்டும் நின்று வானத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

"என்ன இது?"

"சந்தியோகுவின்ரை கூடு."

பிறேமினி சிரிக்கத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். றஜீனாவின் முகத்தைப் பார்த்ததும் அந்த ஆயத்தம் போய்விட்டது.

றஜீனா சொன்னாள். மண்டபத்துத் திரையிலிருந்து தொடங்கி, நீல வளையம், மூன்று முட்டை, வைகாசி இருபத்தேழு, பெட்டியில் போட்ட உறை, எல்லாவற்றையும் சொன்னாள். "நான் ஆரையும் ஏமாத்த நினைச்சு எழுதேல்லை. உண்மையா அது திரும்பி வரவேணும் எண்டுதான் எழுதினனான். பிறகு நீங்கள் எல்லாரும் வந்தியள். வீட்டுக்கு ஆக்கள் வந்தவை. எனக்குச் சொல்ல ஏலாமல் போச்சு."

பிறேமினி போனைக் கையில் எடுத்து அந்தக் குஞ்சைப் பார்த்தாள்.

"மீன் தலையைத் தான் தின்பார் எண்டு சொன்னீர்."

"ஓம்."

"அண்டைக்கு நான் சிரிச்சனான்." அவள் குரல் உயரவில்லை. "அவர் போன பிறகு அவரைப் பற்றிக் கதைச்சு நான் ஒருநாளும் சிரிச்சதில்லை. உம்மோடைதான் சிரிச்சனான். ஒரு பருந்தோடை சேர்த்து."

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். றஜீனா பின்னால் படி வரைக்கும் போனாள். பஸ் தரிப்புக்கு வரவேண்டாம் என்று பிறேமினி கையால் காட்டினாள். றஜீனா படியிலேயே நின்றாள். ஒரு பஸ்ஸைக்கூட விடாமல், வந்த முதல் பஸ்ஸிலேயே பிறேமினி ஏறிப் போனதை அங்கிருந்து பார்த்தாள்.

அந்தக் கிழமை முழுதும் போன் அடிக்கவில்லை. பிறேமினி எல்லோருக்கும் சொல்லியிருப்பாள் என்றே றஜீனா நினைத்தாள். சொல்லட்டும். இம்மாகுலேற் அக்கா வந்து வாசலில் நின்று ஏசினால் ஏசட்டும். கோயிலில் சிரித்தால் சிரிக்கட்டும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வேறொரு பங்குக்குப் போகலாம், தோர்ண்டன் ஹீத்திலும் கோயில் இருக்கிறது. ஆனால் பிறேமினிக்கு மூன்று தரம் எடுத்தாள். மூன்று தரமும் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. சனிக்கிழமை கடைசிக் குஞ்சும் கூட்டை விட்டுப் போனது. கமெராவில் சுள்ளியும் காற்றும்தான் இருந்தன. றஜீனா அதை மூடிவிட்டுச் சோற்றுக் கோப்பையைக் கழுவுதொட்டிக்குப் பக்கத்தில் வைத்து, நின்றபடியே சாப்பிட்டாள்.

பதின்மூன்றாவது செவ்வாய் ஆறரைக்கு எல்லோரும் வந்தார்கள். செபமாலைமுத்து அண்ணை மூட்டுவலியோடு கதிரை தூக்கினார். இம்மாகுலேற் அக்கா பெரிய கேக் கொண்டுவந்திருந்தார். ஒருவர் முகத்திலும் விசயம் தெரிந்த குறி இல்லை. அப்படியானால் பிறேமினி சொல்லவில்லை. கடைசியாகப் பிறேமினி வந்தாள். றஜீனாவைப் பார்க்காமல் அறையைக் கடந்து போய், தோள்துண்டில் சுற்றியிருந்த படத்தை எடுத்து அந்தோனியாருக்கு முன்னால் சாய்த்து வைத்தாள். முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், வெள்ளைச் சேர்ட், மெல்லிய மீசை, படம் எடுப்பவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தவர்போல. எல்லோரும் கதிரையை விட்டு எழுந்தார்கள். செபமாலைமுத்து அண்ணைகூட எழுந்து நின்றார்.

"சந்தியோகுவின்ரை எங்கை பிள்ளை?" என்றார் இம்மாகுலேற் அக்கா.

றஜீனா ஆயத்தமாகத்தான் இருந்தாள். லெஸ்லியின் முகத்தைப் பார்த்த பிறகு இனி எதையும் மறைக்க அவளால் ஏலாது. "அக்கா, நான் உங்கள் எல்லாரிட்டையும் ஒண்டு சொல்லவேணும்" என்று தொடங்கினாள்.

"அவவிட்டைப் படம் இல்லை" என்றாள் பிறேமினி. "எல்லாம் அங்கை விட்டிட்டு வந்தவ. என்னட்டைச் சொன்னவ. கேட்டு வருத்தாதேங்கோ."

பெருமூச்சு அறையைச் சுற்றி வந்தது. படம் இல்லாத வீடுகளை அவர்கள் எல்லோருக்கும் தெரியும். யாரோ றஜீனாவின் முதுகைத் தடவினார்கள். இம்மாகுலேற் அக்கா சுரூபத்துக்கு முன்னால் லெஸ்லிக்குப் பக்கத்தில், படம் இருக்கவேண்டிய இடத்தில், ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்தார். இரண்டு பெயரையும் ஒன்றாகச் சொல்லிச் செபித்தார்கள். றஜீனா சந்தியோகு என்ற பெயர் வந்தபோதெல்லாம் வாயை மட்டும் அசைத்தாள்.

"பதின்மூண்டும் முடிஞ்சுது" என்றார் இம்மாகுலேற் அக்கா, கேக்கை வெட்டியபடி. "ஆனால் ரெண்டு பேரும் இன்னும் வரேல்லை. அந்தோனியாரைச் சும்மா விடக்கூடாது. அடுத்த செவ்வாயிலை இருந்து இன்னொரு பதின்மூண்டு துவங்குவம். இஞ்சையே. என்ன சொல்லுறியள்?"

எல்லோரும் ஓம் ஓம் என்றார்கள். பிறேமினி படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு வெளியே போனாள். றஜீனா ஓடிப்போய் வாசலில் பிடித்தாள்.

"பிறேமினி. என்னைக் காப்பாத்தினதுக்கு நான்..."

"உமக்காகச் சொல்லேல்லை." முதல் தடவையாக நேரே பார்த்தாள். கண் சிவந்திருந்தது. "இவைக்கு உண்மை தெரிஞ்சால் சிரிப்பினம். சந்தியோகு எண்டு சொல்லிச் சிரிக்கேக்கை லெஸ்லியும் சேர்ந்து வந்திடுவார். பருந்தோடை சேர்த்துச் செபிச்ச மனிசன் எண்டு. அது நடக்கக்கூடாது. நீர் இனி ஒருநாளும் ஆருக்கும் சொல்லக்கூடாது. சாகும் வரைக்கும்."

"சொல்லமாட்டன்."

"நான் இனி இஞ்சை வரமாட்டன்."

அவள் படி இறங்கினாள். றஜீனா கூப்பிடவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது? இருபத்தைந்து வருடம் தாயோடு, ஆறு வருடம் ஒருவரோடும் இல்லாமல், எவ்வளவோ தனிமையை அவள் பார்த்தவள். இது அதுவல்ல. யாரும் வராமல் இருப்பது ஒன்று, வந்த ஒருத்தியைத் தானே அனுப்பிவிடுவது வேறொன்று.

உள்ளே வந்தபோது சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. இம்மாகுலேற் அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அடுத்த பதின்மூன்றுக்கு யார் எந்தக் கிழமை என்ன கொண்டுவருவது என்று ஒரு தாளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்.

"முதல் செவ்வாய் பிறேமினிக்குப் போட்டிருக்கிறன். கட்லெட் அவதான் நல்லாச் செய்வா. சரிதானே பிள்ளை?"

அவ வரமாட்டா என்று சொல்ல வாய் வந்தது. ஏன் என்று கேட்பார்கள்.

"ஓம் அக்கா" என்றாள் றஜீனா.